மலக்குடல் புற்றுநோயும் ரோபோ உதவி அறுவையும்: ஒரு மில்லிமீட்டர் விளிம்பு குறித்த விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மலக்குடல் புற்றுநோய்க்கான அறுவையில் ரோபோ கருவி ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. அக்கருவியால் நோயாளி பெறும் பயன் யாது என்னும் வினாவுக்கு, 2017இல் வெளிவந்த ரோலார் ஆய்வும், 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்ட ரியல் ஆய்வும் வேறுவேறு விடைகளைத் தந்துள்ளன. அவ்விடைகள் வேறுபடுவதற்கான காரணங்களை மலக்குடலின் உடற்கூறு, அறுவை முறைகளின் வரலாறு, மருத்துவரின் பயிற்சி ஆகியவற்றின் பின்னணியில் இக்கட்டுரை விளக்குகிறது. ‘தானியங்கி அறுவை’ எனத் தமிழில் வழங்கும் பெயர் நோயாளி தரும் ஒப்புதலை எவ்வாறு பாதிக்கக்கூடும் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மலக்குடல் புற்றுநோய், ரோபோ உதவி அறுவை, மலக்குடல் கொழுப்புறை, சுற்று விளிம்பு, ரோலார், ரியல், ஒப்புதல்

முன்னுரை

கீழ் மலக்குடலில் புற்றுக்கட்டி இருப்பதாக அறிந்த ஒருவர் மருத்துவரிடம் கேட்கும் முதல் வினா உயிரைப் பற்றியது. இரண்டாவது வினா, வயிற்றில் பை மாட்டிக்கொண்டு வாழ நேருமா என்பது. அண்மைக் காலத்தில் மூன்றாவதாக ஒரு வினாவும் சேர்ந்துள்ளது. ரோபோ மூலம் அறுவை செய்துகொண்டால் நல்லதென்று சொல்கிறார்களே, அதற்கு ஆகும் கூடுதல் செலவு தகுமா என்பதே அது. முதல் இரண்டு வினாக்களுக்கும் ஓரளவு தெளிவான விடைகள் உள்ளன. மூன்றாவதற்கு விளம்பரங்கள் ஒரு விடையையும், ஐயம் கொண்ட மருத்துவர்கள் வேறொரு விடையையும் தருகின்றனர். சான்றுகளைத் தேடிச் செல்பவர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில்தான் நிற்க வேண்டியுள்ளது. அந்த இடம் எது என்பதைக் காண, கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அது நுழையும் உடற்பகுதியைப் பற்றிப் பேசுதல் வேண்டும்.

இடுப்புக்குழியின் உடற்கூறு

மலக்குடல் என்பது பெருங்குடலின் இறுதிப் பகுதி. ஏறத்தாழ 12 முதல் 15 செ.மீ. நீளமுடையது. இதன் பின்புறம் திருவெலும்பு உள்ளது. முன்புறம் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பை, விந்துப்பைகள், புராஸ்டேட் சுரப்பி ஆகியனவும், பெண்களுக்குக் கருப்பை, யோனி ஆகியனவும் உள்ளன. பக்கவாட்டில் சிறுநீர் கழித்தலையும் பாலியல் செயலையும் ஆளும் தன்னியக்க நரம்புகள் செல்கின்றன. இவையனைத்தும் எலும்பாலான ஒரு குழிக்குள் நெருங்கி அமைந்துள்ளன. ஆண்களின் இடுப்புக்குழி பெண்களுடையதைவிடக் குறுகலானது. கீழே செல்லச் செல்ல அது புனல்போல் இன்னும் ஒடுங்கும். வயிற்றுக்குள் தாராளமாக அசையும் மருத்துவரின் கை இங்கே அசைய இடமின்றித் தடுமாறும்.

மலக்குடலைச் சூழ்ந்து கொழுப்புத் திசுவாலான ஓர் உறை உண்டு. இக்கட்டுரையில் அது ‘மலக்குடல் கொழுப்புறை’ எனச் சுட்டப்படுகிறது. குருதிக்குழாய்களும் நிணநீர்க் கணுக்களும் இவ்வுறைக்குள் அமைந்திருப்பதால், மலக்குடல் சுவரைக் கடந்து வெளியேறும் புற்றணுக்கள் முதலில் இங்கேதான் தங்குகின்றன. உறையின் வெளிப்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. சவ்வுக்கும் அதற்கு வெளியே செல்லும் நரம்புகளுக்கும் இடையே குருதிக்குழாய்கள் மிகக் குறைந்த ஓர் இடைத்தளம் உண்டு. கத்தி அந்தத் தளத்தில் சென்றால் புற்று முழுவதும் உறையோடு வெளிவரும், நரம்புகளும் பிழைக்கும். சிறிது உள்ளே சென்றால் புற்றணுக்கள் உடலில் எஞ்சும். சிறிது வெளியே சென்றால் நரம்புகள் அறுபடும்.

மைல்ஸ் முதல் ஹீல்ட் வரை

இந்தத் தளத்தின் சிறப்பை அறுவை மருத்துவம் மெல்லவே உணர்ந்தது. இலண்டன் மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ், தாம் குதத்தின் வழியாக அறுவை செய்த 57 பேரில் 54 பேருக்குப் புற்று மீண்டதைக் கண்டார். அதன் விளைவாக வயிற்றின் வழியாகவும் குதத்தின் வழியாகவும் ஒருங்கே சென்று, மலக்குடலையும் ஆசனவாயையும் முழுவதும் அகற்றும் முறையை 1908இல் வெளியிட்டார். நோயாளி வாழ்நாள் முழுவதும் வயிற்றில் செயற்கை மலவாயுடன் வாழ்தல் அம்முறை கோரிய விலை. அப்படியிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இடுப்புக்குழியில் புற்று மீள்வது குறையவில்லை. 1997இல் வெளியான சுவீடன் ஆய்வில், அறுவை மட்டும் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு ஐந்தாண்டுக்குள் அதே இடத்தில் புற்று மீண்டது. அறுவைக்கு முன் குறுங்காலக் கதிர்வீச்சு பெற்றவர்களுள் இது 11 விழுக்காடாக இருந்தது.

புற்று மீள்வதற்கான காரணத்தை இங்கிலாந்தில் இருவர் இரு வழிகளில் கண்டனர். பேசிங்ஸ்டோக் நகரின் பில் ஹீல்ட், கொழுப்புறையைக் கிழிக்காமல் முழுமையாக அகற்ற வேண்டும் என்று 1982இல் எழுதினார். அவர் அந்த இடைத்தளத்தைப் ‘புனிதத் தளம்’ என்றே அழைத்தார். அறுவை நூல்களில் இத்தகைய சொல் அரிது. லீட்ஸ் நகரின் நோய்க்குறியியல் மருத்துவர் ஃபிலிப் குவிர்க்கும் உடன் பணியாற்றியோரும், அகற்றிய மலக்குடலை நீளவாக்கில் பிளக்காமல் குறுக்குவாக்கில் வட்டுகளாக அறுத்து ஆராய்ந்தனர். 1986இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 52 நோயாளிகளுள் 14 பேருக்குப் புற்று பக்கவாட்டு விளிம்பைத் தொட்டிருந்தது. இடுப்புக்குழியில் புற்று மீண்டவர்கள் பெரும்பாலும் அவர்களே. மேலும் கீழும் எவ்வளவு நீளம் வெட்டினோம் என்பதையே அதுவரை அளந்துவந்த மருத்துவர்கள், சுற்றளவில் எவ்வளவு விட்டுவைத்தோம் என்பதை அளக்கத் தொடங்கினர். புற்றணுவுக்கும் வெட்டிய விளிம்புக்கும் இடையே 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான தொலைவே இருப்பின், அவ்விளிம்பு ‘பாதிக்கப்பட்ட சுற்று விளிம்பு’ என இன்று கணக்கிடப்படுகிறது.

ஹீல்டின் முறையை முறையாகக் கற்பித்துச் செய்த நெதர்லாந்து ஆய்வில் (2001), கதிர்வீச்சு பெறாதவர்களிடத்தும் ஈராண்டில் புற்று மீண்டது 8.2 விழுக்காடே. கதிர்வீச்சும் பெற்றவர்களில் அது 2.4 விழுக்காடு. இவை அனைத்தும் திறந்த வயிற்றில், சாதாரணக் கத்தியாலும் கத்தரியாலும் செய்த அறுவைகள். மலக்குடல் புற்றுநோயின் வரலாற்றில் மிகப் பெரிய முன்னேற்றம் எந்தக் கருவியாலும் விளைந்ததன்று. எங்கே வெட்ட வேண்டும் என்னும் அறிவால் விளைந்தது. ரோபோவைப் பற்றிய எந்த மதிப்பீடும் இங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது கட்டுரையாளரின் கருத்து.

துளைவழி அறுவை எதிர்கொண்ட இடர்

வயிற்றில் சிறு துளைகளிட்டு, கேமராவும் நீண்ட கருவிகளும் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறை 1990களில் பெருங்குடல் அறுவைக்கு வந்தது. வலி குறைவு, விரைவில் வீடு திரும்பலாம் என்னும் நன்மைகள் பெருங்குடலில் உறுதிப்பட்டன. மலக்குடலில் நிலைமை வேறு. பிரிட்டனின் கிளாசிக் ஆய்வில் (2005), மலக்குடலுக்கு லேப்ராஸ்கோப்பி தொடங்கப்பட்டவர்களில் 34 விழுக்காட்டினருக்கு இடையிலேயே வயிற்றைத் திறக்க நேர்ந்தது. 2015இல் அமெரிக்க ஆய்வு ஒன்றும், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வு ஒன்றும் ஒரே நேரத்தில் வெளிவந்தன. உறை முழுமையாகவும் விளிம்புகள் தூய்மையாகவும் அமைந்த அறுவைகள் அமெரிக்க ஆய்வில் லேப்ராஸ்கோப்பியில் 81.7, திறந்த முறையில் 86.9 விழுக்காடு, மற்றதில் 82, 89 விழுக்காடு. லேப்ராஸ்கோப்பி திறந்த அறுவைக்குத் தாழ்ந்ததன்று என்பதை இரண்டாலும் நிறுவ இயலவில்லை.

இதற்கான காரணம் எளியது. லேப்ராஸ்கோப்பிக் கருவி ஒரு நேரான கோல். வயிற்றுச் சுவர் அதற்கு நெம்புகோலின் ஆதாரப்புள்ளிபோல் அமைவதால், கை இடப்புறம் சென்றால் முனை வலப்புறம் செல்லும். முனைக்கு மணிக்கட்டு இல்லை. கேமராவை உதவியாளர் பிடித்திருப்பார். மூன்றாம் மணி நேரத்தில் அவர் கை தளரும். குறுகிய புனலின் அடியில், வளைந்து செல்லும் ஒரு சவ்வை நேரான கோலால் பின்தொடர்வது எத்தகைய பணி என்பதைக் குடத்தின் அடியில் கிடப்பதை நீண்ட குச்சியால் எடுக்க முயன்றவர் அறிவர்.

கருவியின் இயல்பு

இவ்விடருக்கு விடையாகவே ரோபோ கருவி மலக்குடலுக்கு வந்தது. இன்று பெருவழக்காக உள்ள டா வின்சி கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2000ஆம் ஆண்டில் அனுமதி அளித்தது. மருத்துவர் நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி ஓர் இருக்கையில் அமர்ந்து, முப்பரிமாணத்தில் பெரிதாகத் தெரியும் காட்சியைப் பார்த்தபடி இரு கைப்பிடிகளை இயக்குகிறார். நோயாளியின் மேல் நிற்கும் இயந்திரக் கைகள் அவ்வசைவுகளை உடலுக்குள் சிறிய அளவில் திருப்பிச் செய்கின்றன. முனையில் மணிக்கட்டுப்போல் வளையும் மூட்டு உண்டு. கைநடுக்கம் வடிகட்டப்படும். கேமராவை மருத்துவரே நகர்த்துவார், அது தளர்வதில்லை.

குறைகளும் உள. திசுவை இழுக்கும்போது எவ்வளவு விசை செலுத்துகிறோம் என்பதைக் கை உணராது. கண்ணால் கண்டே ஊகிக்க வேண்டும். விசையை உணர்த்தும் வசதி 2024இல் அனுமதி பெற்ற புதிய தலைமுறைக் கருவியில்தான் வந்தது. கருவியைப் பொருத்தவும் நேரம் பிடிக்கும். முனைக் கருவிகள் குறிப்பிட்ட முறைகளுக்கு மேல் இயங்காதவாறு வடிவமைக்கப்பட்டிருப்பதால், ஒவ்வோர் அறுவைக்கும் செலவு கூடுகிறது.

ரோலார்: எதிர்பார்ப்பும் விளைவும்

கருவியின் அமைப்பைக் கேட்பவருக்கு அது லேப்ராஸ்கோப்பியை வெல்லும் என்றே தோன்றும். தோன்றுவது வேறு, நிறுவுவது வேறு. குவிர்க் பணியாற்றிய அதே லீட்ஸ் நகரிலிருந்து டேவிட் ஜெய்ன் தலைமையில் நடந்த ரோலார் ஆய்வு, 10 நாடுகளின் 29 மருத்துவமனைகளில் 471 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்தது. இடையில் வயிற்றைத் திறக்க நேரும் விகிதமே முதன்மை அளவுகோல். அது லேப்ராஸ்கோப்பியில் 12.2 விழுக்காடாகவும் ரோபோவில் 8.1 விழுக்காடாகவும் இருந்தது. பாதிக்கப்பட்ட சுற்று விளிம்பு முறையே 6.3, 5.1 விழுக்காடு. இவ்வேறுபாடுகள் தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதே புள்ளியியல் தந்த விடை. சிறுநீர், பாலியல் செயல்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ரோபோ அறுவைக்குச் சராசரியாக 980 பவுண்டு கூடுதலாகச் செலவாயிற்று. கருவியை வாங்கும் விலையும் பராமரிப்பும் இக்கணக்கில் சேரவில்லை.

‘ரோபோவால் பயனில்லை என்று மெய்ப்பிக்கப்பட்டது’ எனப் பலர் இம்முடிவைப் படித்தனர். அது சரியான வாசிப்பன்று. லேப்ராஸ்கோப்பியில் 25 விழுக்காட்டினருக்கு வயிற்றைத் திறக்க நேரும், ரோபோ அதைப் பாதியாக்கும் என்னும் எதிர்பார்ப்பில்தான் நோயாளிகளின் எண்ணிக்கை வகுக்கப்பட்டது. ஆனால் லேப்ராஸ்கோப்பி மருத்துவர்களின் திறன் அதற்குள் வளர்ந்திருந்தது. 25 என எண்ணியது 12 ஆயிற்று. வேறுபாடு உண்மையில் இருந்தாலும் அதனை உறுதிப்படுத்த 471 பேர் போதவில்லை.

இரண்டாவது காரணம் இதனினும் முக்கியமானது. ஆய்வில் சேர ஒரு மருத்துவர் குறைந்தது 10 ரோபோ அறுவைகளாவது செய்திருத்தல் வேண்டும் என்பதே விதி. பங்கேற்ற மருத்துவர்களின் முன் அனுபவம் இடைநிலை அளவில் லேப்ராஸ்கோப்பியில் 91 அறுவைகளாகவும், ரோபோவில் 50 அறுவைகளாகவும் இருந்தது. பழகிய கருவியும் புதிய கருவியும் ஒரே கையில் போட்டியிட்டன. பயிற்சியின் தாக்கத்தைக் கணக்கிற் கொண்டு பின்னர் செய்த பகுப்பாய்வு, ரோபோ அனுபவம் மிகுந்த மருத்துவர்களிடத்தில் நன்மை இருக்கக்கூடும் எனக் காட்டியது. ஆண் நோயாளிகளிடத்தும் நன்மைக்கான குறிப்பு தென்பட்டது. இவை பின்னோக்கிய பகுப்பாய்வுகள் என்பதால் கருதுகோளாக மட்டுமே கொள்ளத்தக்கன.

ரியல்: கருதுகோளின் சோதனை

சீனாவின் 11 மருத்துவமனைகளில் 2016 முதல் 2020 வரை நோயாளிகளைச் சேர்த்த ரியல் ஆய்வு இக்கருதுகோளை வேறொரு களத்தில் சோதித்தது. இதில் 1,240 பேர் சேர்க்கப்பட்டனர். மேல் மலக்குடல் கட்டிகளை விலக்கி, நடு, கீழ் மலக்குடல் கட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டனர். கருவியின் மணிக்கட்டு உண்மையில் தேவைப்படும் இடம் அதுவே. 2022இல் வெளிவந்த குறுங்கால முடிவுகளின்படி, பாதிக்கப்பட்ட சுற்று விளிம்பு ரோபோவில் 4.0, லேப்ராஸ்கோப்பியில் 7.2 விழுக்காடு. வயிற்றைத் திறக்க நேர்ந்தது 1.7, 3.9 விழுக்காடு. நிரந்தர மலவாய் வைக்க நேரும் மைல்ஸ் வகை அறுவை 16.9, 22.7 விழுக்காடு. ஒரு மாதத்துக்குள் மருந்தோ மறு சிகிச்சையோ வேண்டிய சிக்கல்கள் 16.2, 23.1 விழுக்காடு.

2025இல் வந்த மூன்றாண்டு முடிவே முதன்மையானது. இடுப்புக்குழியில் புற்று மீண்டது ரோபோ குழுவில் 1.6, லேப்ராஸ்கோப்பிக் குழுவில் 4.0 விழுக்காடு. நோயின்றி வாழ்ந்தோர் 87.2, 83.4 விழுக்காடு. ஒட்டுமொத்த உயிர்வாழ்வில் புள்ளியியல் அளவில் வேறுபாடு இல்லை. சிறுநீர், பாலியல், மலம் கழித்தல் சார்ந்த மதிப்பெண்கள் ரோபோ குழுவில் மேம்பட்டிருந்தன.

இவ்வெண்களைப் பொருள்படுத்தும் முறை ஒன்று உண்டு. புற்று மீள்வதில் 2.4 விழுக்காடு வேறுபாடு என்றால், ஏறத்தாழ 42 பேருக்கு ரோபோ அறுவை செய்தால் அவர்களுள் ஒருவர் மறுதோற்றத்திலிருந்து தப்புகிறார். எஞ்சிய 41 பேருக்கு இந்த ஓர் அளவுகோலில் எம்முறையாயினும் விளைவு ஒன்றே. இடுப்புக்குழியில் மீளும் புற்று தரும் வலியையும் மறு அறுவையின் கொடுமையையும் கண்டவர்கள் அந்த ஒருவரைச் சிறு எண்ணாகக் கருதமாட்டார்கள். ஆயினும் ‘ரோபோ இன்றேல் ஆபத்து’ என்று அஞ்சத்தக்க எண்ணும் இதுவன்று.

ரியல் ஆய்வுக்கும் எல்லைகள் உண்டு. யாருக்கு எம்முறை என்பது மருத்துவருக்குத் தெரியும். அதை மறைக்க வழியில்லை. அறுவைகள் மிகுந்த பயிற்சியுடைய பெரிய மருத்துவமனைகளில் நடந்தன. மலக்குடலைக் கடந்து அண்டை உறுப்புகளைத் தொட்ட நான்காம் நிலைக் கட்டிகள் சேர்க்கப்படவில்லை. நம் நாட்டில் மூலநோய் என்று எண்ணிக் காலம் கடத்தி, கட்டி வளர்ந்தபின் வருவோர் பலர். அவர்களுக்கு இம்முடிவை அப்படியே பொருத்த இயலாது. தென்கொரியாவின் கோல்ரார் ஆய்வு கொழுப்புறையின் முழுமையில் வேறுபாடு காணவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. எனினும் அது ஆள்சேர்ப்பு முடியும் முன்னரே நிறுத்தப்பட்ட ஆய்வு.

இடைக்குறிப்பு ஒன்று: எல்லா நோயாளிக்கும் அறுவை வேண்டும் என்பதே இன்று மாறிவருகிறது. கதிர்வீச்சும் வேதிச்சிகிச்சையும் பெற்றபின் கட்டி முழுதும் மறைந்தவர்களை அறுவையின்றிக் கண்காணிக்கும் முறையைப் பிரேசிலின் ஏஞ்சலிட்டா ஹப்ர்-காமா 2004இல் வெளியிட்ட ஆய்வால் முன்வைத்தார். 2022இல் வெளிவந்த அமெரிக்காவின் ஓப்ரா ஆய்வில் ஏறத்தாழப் பாதிப்பேர் மலக்குடலை இழக்காமல் இருந்தனர். மிகச் சிறந்த ரோபோ அறுவையைவிட, தவிர்க்க முடிந்த அறுவை நோயாளிக்கு நல்லது.

‘தானியங்கி’ என்னும் சொல்லும் ஒப்புதலும்

2022இல் சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் உள்ள தமிழ்நாடு அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனைக்கு ரோபோ அறுவைக் கருவி வந்தது. இந்தியாவிலேயே உருவான ‘எஸ்எஸ்ஐ மந்த்ரா’ என்னும் கருவியும் பயன்பாட்டில் உள்ளது. இனி இக்கருவியைப் பற்றிய உரையாடல் ஆங்கிலம் அறிந்தோருக்கு மட்டும் உரியதாக இராது. அவ்வுரையாடலில் நிற்கும் முதல் தடை அதன் பெயரே.

‘தானியங்கி அறுவை சிகிச்சை’ என்றும் ‘இயந்திர மனிதன் செய்யும் அறுவை’ என்றும் எழுதும் வழக்கம் தமிழில் உண்டு. தானே இயங்குவது தானியங்கி. இக்கருவி தானே இயங்குவதன்று. மருத்துவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தால் இயந்திரக் கை அவ்விடத்திலேயே நிற்கும். எங்கே வெட்டுவது, எப்போது நிறுத்துவது என்னும் ஒரு முடிவையும் அது எடுப்பதில்லை. ‘ரோபோ’ என்னும் சொல்லைக் காரல் சாப்பெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகம் வழங்கியது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து அது பிறந்தது. வேர்ச்சொல்லின் பொருளில் இக்கருவி ஏவலைச் செய்யும் ஆளே. தமிழ் வாசகர் மனத்திலோ, ‘எந்திரன்’ திரைப்படத்துக்குப் பின் ரோபோ என்பது தானே சிந்திக்கும் உருவமாகவே நிலைபெற்றுவிட்டது.

பெயரின் விளைவு ஒப்புதல் படிவத்தில் தெரியும். இயந்திரமே அறுவை செய்கிறது என்று எண்ணும் நோயாளி, இயந்திரம் எந்த நிறுவனத்தது, எவ்வளவு புதியது என்று கேட்பார். அதை இயக்குபவர் எத்தனை அறுவைகள் செய்தவர் என்று கேட்கமாட்டார். ரோலாரும் ரியலும் அக்கேள்வியின் எடையையே காட்டுகின்றன. ‘ரோபோ உதவி அறுவை’ என்னும் தொடரில் ‘உதவி’ என்ற மூன்றெழுத்துச் சொல் விடுபடாமல் இருப்பது இதனாலேயே தேவை. படிவத்திலும் ‘மருத்துவர் இயந்திரக் கைகளை இயக்கிச் செய்யும் அறுவை’ என ஒரு வரி விளக்கமாக அமைவது நன்று.

கட்டி ஆசனவாயிலிருந்து எத்தனை செ.மீ. தொலைவில் உள்ளது, எம்.ஆர்.ஐ. படத்தில் உறையின் விளிம்பைக் கட்டி நெருங்கியுள்ளதா, வைக்கப்போகும் மலவாய் தற்காலிகமானதா நிரந்தரமானதா, இம்மருத்துவர் இம்முறையில் செய்த அறுவைகள் எத்தனை, அவற்றுள் வயிற்றைத் திறக்க நேர்ந்தவை எத்தனை என்பன, எம்மொழியிலும் கேட்கத்தக்க வினாக்கள். மேல் மலக்குடலில் சிறிய கட்டியுடைய ஒரு பெண்ணுக்கு இவற்றின் விடை, நல்ல லேப்ராஸ்கோப்பி மருத்துவரே போதும் என்பதாக இருக்கலாம். ஆசனவாயிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் கட்டியுடைய, உடல் பருத்த ஓர் ஆணுக்கு அது வேறாக இருக்கலாம். அறுவைக்குப் பின் சில நாட்களில் நோய்க்குறியியல் அறிக்கை வரும். அதில் சுற்று விளிம்பின் தொலைவு மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். குறிக்கப்படவில்லையெனில் அதைக் கேட்டுப் பெறுதல் நோயாளியின் உரிமை.